மரத்தடிகள் சொல்லும் கதை: ஜப்பானும் சீனாவும்

ஒரு நாடு கப்பல் கப்பலாக மரம் வாங்குகிறது. பக்கத்து நாடும் வாங்குகிறது. இரண்டில் எது அதிகம் வாங்குகிறது? கேள்வி மிக எளிதாகத் தோன்றுகிறது. புள்ளிவிவரப் புத்தகத்தைத் திறந்து இரண்டு எண்களைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு புயல், ஒரு பெருவெள்ளம், ஒரு நாணயத்தின் மதிப்பு, கோடிக்கணக்கான மக்களின் தும்மல் எல்லாம் ஒளிந்திருக்கின்றன என்றால் நம்புவீர்களா? ஜப்பான், சீனா ஆகிய இரு நாடுகளின் மர இறக்குமதியை எடுத்துக்கொண்டு, எண்களை ஒப்பிடுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மென்மரம் என்றால் என்ன?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலகச் சந்தையில் மரங்களை மென்மரம், வன்மரம் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. மென்மரம் எல்லாம் மென்மையாக இருக்கும் என்பதில்லை. வன்மரம் எல்லாம் கடினமாக இருக்கும் என்பதுமில்லை. விமானப் பொம்மைகள் செய்யப் பயன்படும் பால்சா மரம் மிக இலேசானது. நகத்தால் கீறினாலே தடம் விழும். ஆனாலும் அது வன்மர வகையைச் சேர்ந்தது. யூ என்னும் மரம் உறுதியானது. அக்காலத்தில் இங்கிலாந்தில் வில் செய்யப் பயன்பட்டது. ஆனால் அது மென்மரம்!

அப்படியானால் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? மரத்தின் குலத்தை வைத்து. பைன், ஃபிர், ஸ்புரூஸ், லார்ச், சிடார் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். இவை பூத்துக் காய்ப்பவை அல்ல. விதைகளைக் கூம்புகளில் தாங்குபவை. கொடைக்கானலுக்குப் போனவர்கள் பைன் மரங்களின் கூம்புகளைப் பொறுக்கியிருப்பீர்கள். தேக்கு, வேம்பு, பலா போன்ற அகன்ற இலை மரங்கள் வன்மரங்கள்.

உள்ளமைப்பிலும் வேறுபாடு உண்டு. வன்மரத்தில் நீரைக் கடத்துவதற்கென்று அகன்ற சைலக்குழாய்கள் உள்ளன. மென்மரத்தில் அவை இல்லை. டிரக்கீடுகள் என்னும் நீண்ட, மெல்லிய செல்களே நீரையும் கடத்துகின்றன, மரத்தையும் தாங்குகின்றன. இவை சில மில்லிமீட்டர் நீளமுள்ளவை. ஒரே வகைச் செல்கள் ஒரே சீராக அடுக்கியிருப்பதால் மென்மரத்தை அறுப்பதும், இழைப்பதும், ஆணி அடிப்பதும் எளிது. அடிமரமும் நேராக வளர்கிறது. வீடு கட்டுபவர்களும் காகிதம் செய்பவர்களும் இதைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

எண்களைப் பாருங்கள்

கீழே இரு நாடுகளும் வெளிநாட்டிலிருந்து வாங்கிய மரத்தடிகளின் அளவு தோராயமாகத் தரப்பட்டுள்ளது. எண்கள் கோடி கன மீட்டரில் உள்ளன. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உள்ள கட்டையே ஒரு கன மீட்டர்.

ஜப்பான்
1973: 5.2
1990: 2.9
2000: 1.6
2010: 0.5
2020: 0.2

சீனா
1997: 0.45
2000: 1.4
2007: 3.7
2011: 4.2
2018: 6.0
2023: 3.8

5.2 கோடி கன மீட்டர் என்றால் எவ்வளவு? அத்தனை மரத்தையும் இடைவெளியில்லாமல் ஒரே கனசதுரமாக அடுக்கினால், அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 373 மீட்டர் இருக்கும். பாரிசில் உள்ள ஈஃபெல் கோபுரத்தின் உயரம் 330 மீட்டர்தான். கோபுரத்தையே விழுங்கிவிடக்கூடிய மரக்கட்டை! அதை ஜப்பான் ஒரே ஆண்டில் வாங்கியது.

இனி ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் ஆண்டுகளையும், செங்குத்து அச்சில் அளவையும் குறியுங்கள். ஜப்பானுக்கு நீல மை, சீனாவுக்குச் சிவப்பு மை. நீலக்கோடு உச்சியிலிருந்து சரிந்து தரையைத் தொடுகிறது. சிவப்புக்கோடு தரையிலிருந்து கிளம்பி உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. 2000-ஆம் ஆண்டை அடுத்து இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

இதைப் பார்த்ததும் “ஜப்பான் மரம் பயன்படுத்துவதை விட்டுவிட்டது, அந்த மரத்தையெல்லாம் சீனா எடுத்துக்கொண்டது” என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். அப்படிச் சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எதை எண்ணியிருக்கிறார்கள்?

மேலே உள்ள எண்கள் எல்லா மரத்தடிகளையும் சேர்த்தவை. மென்மரம் மட்டும் வேண்டுமானால் பிரித்துப் பார்க்க வேண்டும். 1973-இல் ஜப்பான் வாங்கிய 5.2 கோடியில் ஏறத்தாழப் பாதி, தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து வந்த லவான் போன்ற வன்மரம். அது பெரும்பாலும் ஒட்டுப்பலகை செய்யப் போனது. அமெரிக்கா, சோவியத் நாடு போன்ற இடங்களிலிருந்து வந்த மென்மரம் மீதிப் பாதி. சீனா வாங்கிய தடிகளிலோ மென்மரமே பெரும்பங்கு. ஆகவே மென்மரத்தை மட்டும் பிரித்து வரைந்தால் நீலக்கோட்டின் உச்சி பாதியாகக் குறையும். சிவப்புக்கோட்டின் உச்சி அந்த அளவுக்குக் குறையாது. மொத்தத்தில் சமமாகத் தெரிந்த இரண்டு உச்சிகள் மென்மரத்தில் சமம் அல்ல என்பது இப்போது புரிகிறதல்லவா?

இன்னொன்று. பட்டியலில் இருப்பவை தடிகள் மட்டுமே. மரம் தடியாகவும் வரலாம். அறுத்த பலகையாகவும் சட்டமாகவும் வரலாம். ஒரு தடியை ஆலையில் அறுக்கும்போது தூளும் விளிம்புத் துண்டுகளும் போக, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் பலகையாகத் தேறும். எனவே ஒரு கன மீட்டர் பலகையை ஒரு கன மீட்டர் தடியோடு அப்படியே ஒப்பிட முடியாது. அது ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர் தடிக்குச் சமம்.

ஜப்பானில் தடி இறக்குமதி சரிந்துகொண்டிருந்தபோது அறுத்த மரத்தின் இறக்குமதி வளர்ந்தது. 1990-களின் நடுவில் அது ஒரு கோடி கன மீட்டரைத் தாண்டியது. தடிக்குப் பதில் பலகை வந்தது, அவ்வளவுதான். பிறகு அதுவும் குறைந்து, 2020-இல் 50 லட்சத்தை ஒட்டி நின்றது. சீனாவும் தடியோடு நிற்கவில்லை. 2017-இல் அது வாங்கிய அறுத்த மரம் மட்டும் 3 கோடி கன மீட்டருக்கு மேல்.

இரண்டாம் கேள்வி: எத்தனை பேருக்கு?

1973-இல் ஜப்பானின் மக்கள்தொகை ஏறத்தாழ 10.9 கோடி. 5.2-ஐ 10.9-ஆல் வகுத்தால் தலைக்கு 0.48 கன மீட்டர் வருகிறது. 2018-இல் சீனாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 140 கோடி. 6.0-ஐ 140-ஆல் வகுத்தால் 0.043 கன மீட்டர். சீனாவின் மொத்தம் பெரியது. ஆனால் தலைவீதக் கணக்கில் அன்றைய ஜப்பானியர் ஒருவருக்கு வந்தது, சீனர் ஒருவருக்கு வந்ததைப் போல் 11 மடங்கு!

இரண்டு கணக்கும் சரியானவையே. எத்தனை கப்பல் தேவை, எவ்வளவு காடு வெட்டப்பட்டது என்று அறிய மொத்தம் வேண்டும். மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியத் தலைவீதம் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று தெரிந்திருப்பதே கணக்கறிவு.

மூன்றாம் கேள்வி: எந்த ஆண்டிலிருந்து?

சீனாவின் இறக்குமதி 1997-க்கும் 2018-க்கும் இடையில் 13 மடங்கானது. 2000-இலிருந்து எண்ணினால் 4 மடங்குக்குச் சற்று அதிகம். 2011-இலிருந்து எண்ணினால் ஒன்றரை மடங்குகூட இல்லை. மூன்றும் உண்மை. மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் சிகரம் உயரமாகத் தெரியும். பாதி ஏறிய பிறகு பார்த்தால் அவ்வளவு உயரமாகத் தெரியாது. பத்திரிகையிலோ விளம்பரத்திலோ “இத்தனை மடங்கு வளர்ச்சி” என்று படித்தால், எந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டார்கள் என்று பாருங்கள். தமக்குச் சாதகமான ஆண்டைத் தேர்ந்தெடுத்து எண்ணை ஊதிப் பெரிதாக்குவது மிக எளிது.

நம் பட்டியலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1973-க்கும் 1990-க்கும் இடையே ஜப்பானுக்கு எண்ணே தரவில்லை. இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால், இடையில் அளவு சீராகக் குறைந்ததுபோல் தோன்றும். அது நாம் வரைந்த கோடு, அளந்து கண்டதல்ல. அந்த இடைவெளியைப் புள்ளிக்கோடாக வரையுங்கள்.

நான்காம் கேள்வி: ஏன்?

இதுதான் சுவையான கேள்வி. ஜப்பானிலிருந்து தொடங்குவோம்.

ஜப்பானில் காட்டுக்குப் பஞ்சமில்லை. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடு. இரண்டாம் உலகப் போரின்போது மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. போருக்குப் பின் சுகி, ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்களை மலைச்சரிவெங்கும் நட்டார்கள். இப்படி நட்ட காடுகள் ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர். ஆனால் சுகி வெட்டுக்கு வர 40, 50 ஆண்டுகள் ஆகும். எரிந்த நகரங்களைக் கட்டும் மக்கள் அதுவரை காத்திருக்க முடியுமா?

அப்போது ஒரு தற்செயல் நிகழ்ந்தது. 1962 அக்டோபர் 12-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பெரும் புயல் வீசி, ஆரெகன், வாஷிங்டன் மாநிலங்களில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரம் அழுகுமுன் விற்றாக வேண்டும். அவ்வளவு மரத்தையும் உள்ளூர் ஆலைகளால் அறுக்க முடியவில்லை. வாங்க ஜப்பான் தயாராக இருந்தது. 1964-இல் ஜப்பான் மர இறக்குமதிக்கிருந்த கட்டுப்பாடுகளையும் நீக்கிவிட்டது. வணிகம் பெருகியது.

நாணயத்தின் மதிப்பும் உதவியது. 1971 வரை ஒரு டாலர் 360 யென். 100 டாலர் மரத்துக்கு ஒரு ஜப்பானிய வணிகர் 36,000 யென் கொடுத்தார். 1988-இல் ஒரு டாலர் ஏறத்தாழ 130 யென். அதே 100 டாலர் மரம் இப்போது 13,000 யென்னுக்குக் கிடைத்தது! செங்குத்தான மலையில் ஏறி, உயர்ந்த கூலி கொடுத்து உள்ளூர் மரத்தை வெட்டுபவர் இந்த விலையோடு எப்படிப் போட்டியிடுவார்? 1960-இல் ஜப்பான் தன் மரத்தேவையில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் தானே நிறைவு செய்தது. 2002-இல் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

பிறகு தடி இறக்குமதி ஏன் சரிந்தது? விற்றவர்கள் மனம் மாறினார்கள். “தடியாகக் கொடுத்தால் நம் ஆலைகளுக்கு வேலை ஏது?” என்று கேட்டார்கள். அமெரிக்கா 1968-இல், மேற்கு மாநிலங்களில் உள்ள மத்திய அரசின் நிலங்களிலிருந்து தடி ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. 1973-இல் அதை அநேகமாகத் தடை செய்தது. இந்தோனேசியா 1985-இல் தடி ஏற்றுமதியைத் தடுத்தது. 1990-இல் அமெரிக்கா புள்ளி ஆந்தை என்னும் பறவையை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. அதன் வாழிடமான முதிர்ந்த காடுகளில் வெட்டு குறைந்தது. ஜப்பானிலும் தேவை குறைந்தது. 1973-இல் 19 லட்சம் புது வீடுகள் கட்டத் தொடங்கிய நாடு, 2009-இல் 8 லட்சத்துக்கும் குறைவாகவே கட்டத் தொடங்கியது. இதற்குள் போருக்குப் பின் நட்ட சுகி மரங்களும் முதிர்ந்துவிட்டன. 2020-க்குள் உள்நாட்டு மரத்தின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டியது.

சீனாவின் கதையில் திருப்புமுனை ஒரு வெள்ளம். 1998-இல் யாங்சி ஆறு பெருக்கெடுத்தது. அவ்வாண்டு வெள்ளத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். பெருமழைதான் முதற்காரணம். ஆனால் ஆற்றின் தலைப்பகுதிகளில் காடு அழிந்து மண் அரித்துப் போனதும் கேட்டைக் கூட்டியது என்று அரசு கருதியது. இயற்கைக் காடுகளைக் காக்கும் திட்டம் அவ்வாண்டே தொடங்கியது. மேல் யாங்சிப் பகுதியில் மரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது. 1999-இல் தடிக்கும் அறுத்த மரத்துக்கும் இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டது. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகின. ரஷ்யாவிலிருந்து ரயில் ரயிலாகத் தடிகள் வந்தன.

ரஷ்யா 2007-இல் ஏற்றுமதித் தீர்வையை உயர்த்தத் தொடங்கியதும் சீனா வேறு கடைகளைத் தேடியது. நியூசிலாந்தில் நட்டு வளர்க்கும் ரேடியாட்டா பைன் 28 ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். 2013-இல் தடி விற்பதில் நியூசிலாந்து ரஷ்யாவை முந்தியது. 2021-க்குப் பின் சீனாவில் வீடு கட்டும் தொழில் தளர்ந்ததும் சிவப்புக்கோடு கீழே இறங்கியது.

மரம் எதற்குப் போகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானில் தூண், உத்தரம், சுவர்ச் சட்டம் என்று மரமே வீடாகிறது. சீனாவில் அடுக்குமாடிகள் கான்கிரீட்டால் எழுகின்றன. இறக்குமதியான பைன் மரத்தில் பெரும்பகுதி, கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையாகவும் முட்டாகவும், சரக்குப் பெட்டியாகவும் போகிறது. வீட்டுத் தூண் பல பத்தாண்டுகள் நிற்கும். சென்ட்ரிங் பலகை சில முறை பயன்பட்டபின் விறகாகிவிடும். பட்டியலில் இரண்டும் ஒரே கன மீட்டர்தான்!

தும்மலும் இறக்குமதியும்

ஒரு புதிர். ஜப்பான் மர இறக்குமதியைத் திறந்துவிட்ட அதே 1964-இல்தான், சுகி மரத்தின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை நோய் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானது. இடம் நிக்கோ என்னும் ஊர். இறக்குமதியால்தான் நோய் வந்ததா?

இல்லை. நிக்கோவில் உள்ள சுகி மரச்சாலை 17-ஆம் நூற்றாண்டில் நட்டது. இறக்குமதிக்கும் அந்த மரங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே ஆண்டில் நடந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஆனால் பின்னாளில் உண்மையான தொடர்பு ஒன்று உண்டாயிற்று. வெளிநாட்டு மரம் மலிவாகக் கிடைத்ததால், மலைகளில் நட்ட சுகியை வெட்டுவாரும் களைந்துவிடுவாரும் குறைந்தனர். மரங்கள் நெருக்கமாக வளர்ந்து முதிர்ந்தன. சுகி முப்பது வயதை ஒட்டித்தான் மகரந்தத்தை மிகுதியாகக் கொட்டத் தொடங்கும். கோடிக்கணக்கான மரங்கள் அந்த வயதை அடைந்தபோது, வசந்தகாலக் காற்றில் மஞ்சள் தூள் மேகமாய்ப் பரவியது. 2019-இல் எடுத்த ஆய்வில், மக்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்குச் சுகி மகரந்த ஒவ்வாமை இருந்தது. 2023-இல் ஜப்பானிய அரசு, பத்தாண்டுகளில் சுகித் தோட்டங்களை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கத் திட்டமிட்டது.

முதல் தொடர்பு தற்செயல். இரண்டாவது தொடர்புக்கு வழி தெரிகிறது: மலிவான இறக்குமதி, வெட்டப்படாத மரம், முதிர்ச்சி, மகரந்தம். வழியைக் கண்ணி கண்ணியாகக் காட்ட முடிந்தால்தான் காரணம் என்று சொல்ல வேண்டும்.

யாருடைய காடு?

கடைசியாக ஒன்றைச் சிந்தியுங்கள். சீனா தன் காட்டை வெட்டுவதை நிறுத்தியது. அது நல்ல செயல். ஆனால் மரத்தின் தேவை நிற்கவில்லை. கோடாரி ரஷ்யாவின் கிழக்குக் காடுகளுக்கு இடம் மாறியது. ஜப்பான் தன் மலைகளில் மரம் வளரவிட்டு அமெரிக்க, தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து வாங்கியது. ஒரு நாட்டின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்குக் காடு பிழைத்ததாகத் தோன்றும். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே, காடு பிழைத்ததா, வெட்டு இடம் மாறியதா என்பது தெரியும். பயிர்போல் நட்டு வளர்த்த மரத்தை வாங்குவதும், பல நூறாண்டு முதிர்ந்த காட்டை வெட்டி வாங்குவதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள எண்களைக்கொண்டு வரைபடம் வரையுங்கள். இரு கோடுகளும் எந்த ஆண்டுகளுக்கு இடையில் வெட்டிக்கொள்கின்றன?

2. இரு நாடுகளுக்கும் 2000-ஆம் ஆண்டை 100 என்று வைத்து, 2010-இல் ஜப்பானுக்கும் 2018-இல் சீனாவுக்கும் குறியீட்டு எண் காணுங்கள். (விடை: ஜப்பான் ஏறத்தாழ 31, சீனா ஏறத்தாழ 429.)

3. ஒரு நாடு ஓராண்டில் 40 லட்சம் கன மீட்டர் தடியும் 60 லட்சம் கன மீட்டர் பலகையும் வாங்குகிறது. தடியில் பாதிதான் பலகையாகத் தேறும் என்று கொண்டால், மொத்தம் எவ்வளவு தடிக்குச் சமம்? (விடை: 1 கோடியே 60 லட்சம் கன மீட்டர்.)

4. உங்கள் ஊர் மரக்கடைக்குப் போய், அங்குள்ள மரங்களின் பெயர்களையும் அவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் கேட்டு எழுதுங்கள். எவை மென்மரம், எவை வன்மரம் என்று பிரியுங்கள். பிரிக்கும்போது கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏன் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்!